வீட்டுக்குள் வந்த கடல்: இரண்டு மாத்திரைகளின் கொழுப்பு நாட்டத்தை அளந்த ஒரு நிகழ்வு ஆய்வு

பெரியப்பாவின் கனவில் கடல் வீட்டுக்குள் வரத் தொடங்கியது, புது மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரம்கூட ஆகாத நாட்களில். தங்கச்சிமடத்தில் அவருடைய ஓட்டு வீடு கரையிலிருந்து கூப்பிடு தூரம். கனவில் தண்ணீர் கதவிடுக்கு வழியாக வரும். மீன் பெட்டிகள் மிதக்கும். இவர் வலைக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே கத்துவார். பெரியம்மா உலுக்கி எழுப்பினால் சட்டை நனைந்திருக்கும், வியர்வையில்.

வயது 58. விசைப்படகு ஓட்டுநர். ரத்த அழுத்தமும் அவ்வப்போது படபடப்பும் இருந்ததால் மருத்துவர் புரொப்ரனலால் 40 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று என்று எழுதிக்கொடுத்திருந்தார். படபடப்பு அடங்கியது, அழுத்தமும் இறங்கியது. தூக்கம் மட்டும் கெட்டது.

வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதை அவருடைய அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தார். அந்தப் பயம் இப்போது வெளியே வருகிறது என்றார் என் அப்பா. பெரியம்மா ஏர்வாடி தர்காவுக்கு ஒருமுறை போய்வரலாம் என்றார், போயும் வந்தார்கள். படகின் பங்காளி, கடல் அலுப்புதான் என்றார். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்பது இங்கே முறை. அந்த மூன்று நாளும் இரவெல்லாம் விழித்திருப்பவருக்குத் தூக்கம் கலைவதில் அதிசயம் இல்லை.

அலுப்பு என்ற காரணத்தை மீன்பிடித் தடைக்காலம் உடைத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகுகள் கரையில் கிடக்கும். பெரியப்பா இரவு ஒன்பதுக்குப் படுத்துக் காலை ஆறுக்கு எழுந்தார். கடல் அப்போதும் வந்தது, முன்னைவிட ஒழுங்காகவே வந்தது.

ஏப்ரல் கடைசியில் அவர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். கனவு குறைந்ததோ இல்லையோ, இரண்டாம் நாள் மாலை நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. பீட்டா தடுப்பான் என்ற இந்த வகை மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அதுவரை அடக்கிவைத்திருந்த இதயத் துடிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பிவரலாம். இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் அவரை நன்றாகத் திட்டினார். பிறகு கனவைப் பற்றிக் கேட்டார், கேட்டதும் தலையாட்டினார், புரொப்ரனலாலைக் குறைத்துக்கொண்டே வந்து அடெனலாலுக்கு மாற்றினார். பத்து நாளுக்குள் கடல் வருவது நின்றது.

“அந்த மருந்து கொழுப்பில் கரையும், மூளைக்குள் போய்விடும். இது தண்ணீரில் கரையும், அவ்வளவாகப் போகாது” என்று மருத்துவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். நான் இதே கரையில் ஒரு கல்லூரியில் மருந்து வேதியியல் நடத்துகிறேன். மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னபோது மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “எவ்வளவு கரையும், எவ்வளவு கரையாது, மேடம்?” என்று கேட்டாள். புத்தகத்திலிருந்து எண்ணைச் சொன்னேன். “நாம் அளந்தால் அதே எண் வருமா?” என்றாள். கீழே எழுதியிருப்பது அந்தக் கேள்வியால் வந்தது. பெரியப்பாவின் சம்மதத்தோடு எழுதுகிறேன். மருந்து மாற்றியது மருத்துவர். எங்கள் அளவீட்டுக்கு அதில் பங்கில்லை. அவர் மாற்றிய இரண்டு மாதம் கழித்துத்தான் நாங்கள் குடுவையையே எடுத்தோம்.

சட்டியில் நடப்பது

மீன் குழம்பு எங்கள் வீட்டில் மறுநாளுக்குத்தான் ருசி. காலையில் சட்டியைத் திறந்தால் மேலே சிவந்த எண்ணெய் தனியாக நிற்கும். மிளகாயின் சிவப்பும் காரமும், மஞ்சளின் நிறமும் பெரும்பாலும் அந்த எண்ணெயில் ஏறியிருக்கும். உப்பும் புளிப்பும் கீழே தண்ணீரிலேயே கிடக்கும். இரவு முழுக்க யாரும் கிளறவில்லை. ஒவ்வொரு பொருளும் தனக்குப் பிடித்த அடுக்குக்குத் தானாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எந்தப் பொருளும் முழுதாக ஒரே பக்கம் போய்விடாது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே கொள்ளளவு எண்ணெயில் எவ்வளவு, தண்ணீரில் எவ்வளவு என்ற விகிதம்தான் அந்தப் பொருளின் குணம். அதற்குப் பங்கீட்டுக் கெழு என்று பெயர். எண்ணெய்ப் பக்கம் சாயும் குணத்துக்குக் கொழுப்பு நாட்டம் என்று பெயர்.

மருந்துக்கு இந்த விகிதம் முக்கியம் என்று முதலில் கண்டவர்கள் மயக்க மருந்தை ஆராய்ந்தவர்கள். ஜெர்மனியின் மார்புர்கில் ஹான்ஸ் மேயர் 1899இலும், சூரிக்கில் சார்லஸ் எர்னஸ்ட் ஓவர்ட்டன் 1901இலும் தனித்தனியாக ஒரே முடிவை வெளியிட்டார்கள். ஆலிவ் எண்ணெயில் எவ்வளவுக்கு எவ்வளவு அதிகம் ஏறுகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு குறைந்த அளவிலேயே அந்தப் பொருள் தலைப்பிரட்டைகளை மயக்கிவிடுகிறது. வேதியியலில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பொருள்கள் இந்த ஒரு விகிதத்தில் வரிசைகட்டி நின்றன.

ஆனால் ஆலிவ் எண்ணெய் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், பழையதானால் காறும். 1960களில் கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் கார்வின் ஹான்ஷ் அதற்குப் பதிலாக ஆக்டனாலை எடுத்துக்கொண்டார். எட்டுக் கார்பன் கொண்ட ஒரு சங்கிலி, அதன் நுனியில் தண்ணீரை விரும்பும் ஒரு ஹைட்ராக்சில். உடலின் செல் சவ்வில் இருக்கும் கொழுப்புக்கும் இப்படி ஒரு தலையும் வாலும் உண்டு. ஒரே சேர்மம் என்பதால் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். இன்றைக்கும் கொழுப்பு நாட்டம் என்றால் உலகம் முழுக்க ஆக்டனால் கணக்குதான்.

விகிதம் லட்சத்திலும் வரும், லட்சத்தில் ஒரு பங்கிலும் வரும் என்பதால் அதை மடக்கையாக, அதாவது பத்தின் எத்தனையாவது அடுக்கு என்று எழுதுவார்கள். அந்த எண்தான் லாக் பி. ஆக்டனாலில் நூறு பங்கு, தண்ணீரில் ஒரு பங்கு என்றால் லாக் பி 2. ஆயிரம் என்றால் 3. தண்ணீரில்தான் நூறு மடங்கு அதிகம் என்றால் −2. பாராசிட்டமால் 0.5 அருகில், இபுபுரொஃபென் 4 அருகில், இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தரும் அமியோடரோன் 7க்கும் மேலே. அமியோடரோனை நிறுத்திய பிறகும் அது உடம்பின் கொழுப்பிலிருந்து மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும் என்பதை இந்த 7 என்ற எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

எங்கள் இரண்டு மருந்துகளும் அண்ணன் தம்பி. புரொப்ரனலாலை இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ஜேம்ஸ் பிளாக் குழுவினர் உருவாக்கினார்கள். 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்த வேலைக்கும் பங்குண்டு. அடெனலாலும் அதே நிறுவனத்தில் பின்னால் பிறந்ததுதான். இரண்டு மூலக்கூறுகளுக்கும் பக்கச் சங்கிலி அச்சாக ஒன்றே, நைட்ரஜன் உட்பட. தலைதான் வேறு. புரொப்ரனலாலின் தலை நாப்தலீன் வளையம். துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையின் அதே வளையம், தண்ணீர் என்றாலே ஒதுங்கும். அடெனலாலின் தலை ஒற்றை பென்சீன் வளையம், அதன் முனையில் தண்ணீரோடு கைகோக்கும் ஓர் அமைடு. புத்தகத்தில் லாக் பி முறையே 3.48, 0.16.

முதல் தடவை

முறை பழையது, எளிது. மருந்தைத் தண்ணீரில் கரைத்து, ஆக்டனாலோடு சேர்த்துக் குலுக்கி, அடுக்குப் பிரியவிட்டு, தண்ணீரில் எவ்வளவு மிச்சம் என்று அளப்பது. புரொப்ரனலால் 290 நானோமீட்டர் புற ஊதா ஒளியை நன்றாக உறிஞ்சும். எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவு மருந்து. இதற்குப் பல நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓ.இ.சி.டி.யின் 107ஆம் எண் வழிகாட்டி இருக்கிறது. அது மருந்துக்காக எழுதப்பட்டதே அல்ல. பூச்சிக்கொல்லி போன்ற வேதிப்பொருள்கள் ஆற்றிலே தங்குமா, மீனின் கொழுப்பில் போய்ச் சேருமா என்று கணிக்க எழுதியது. மத்தி மீனின் எண்ணெயும் பெரியப்பாவின் மூளையும் இந்த எண்ணின் முன்னால் ஒன்றுதான்.

கடையில் வாங்கிய காய்ச்சி வடித்த நீர் 50 மில்லிலிட்டர், ஆக்டனால் 5 மில்லிலிட்டர். ஆக்டனாலைத் திறந்ததும் ஆய்வகம் முழுக்க நசுக்கிய நாரத்தைத் தோலும் மெழுகும் கலந்த மாதிரி ஒரு வாடை. இரண்டு நாள் கையை விட்டுப் போகாது. மாணவர்கள் பிரிபுனலை மோர் சிலுப்புவது போலச் சிலுப்பிவிட்டார்கள். பால் போலக் குழம்பி நின்றது, ஒரு மணி நேரம் ஆகியும் பிரியவில்லை. வழிகாட்டி சொல்வது அதுவல்ல: ஐந்து நிமிடத்தில் நூறு முறை, குடுவையைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி நேராக்க வேண்டும், அவ்வளவுதான். மறுபடி செய்தோம்.

தொடக்கத்தில் 0.90 என்று காட்டிய ஒளிமானி, குலுக்கிய பின் தண்ணீர் அடுக்கில் 0.85 காட்டியது. கணக்கு சிறியது. காணாமல் போன 0.05 மேலே ஏறியிருக்கிறது. ஆனால் அங்கே இடம் பத்தில் ஒன்றுதான், ஆகவே செறிவு பத்து மடங்கு. 0.05ஐ 0.85ஆல் வகுத்துப் பத்தால் பெருக்கினால் 0.59. மடக்கை −0.23. புத்தகம் சொன்னது 3.48. ஐயாயிரம் மடங்கு வித்தியாசம்.

“புத்தகம் தப்பா, மேடம்?”

புத்தகம் தப்பில்லை. இரண்டு எண்ணும் வேறு வேறு கேள்விக்கான விடை. மாத்திரையில் இருப்பது வெறும் புரொப்ரனலால் அல்ல, அதன் ஹைட்ரோகுளோரைடு உப்பு. அந்தப் பக்கச் சங்கிலியின் நைட்ரஜன் ஒரு புரோட்டானைச் சுமந்துகொண்டு மின்னேற்றம் பெற்று நிற்கிறது. மின்னேற்றம் உள்ளது தண்ணீரை விட்டு எளிதில் கிளம்பாது. எவ்வளவு மூலக்கூறு ஏற்றத்தோடு, எவ்வளவு வெறுமனே என்பதைத் தண்ணீரின் பி.எச்., அதாவது அதன் அமில-காரத் தன்மை, தீர்மானிக்கிறது. பாதி ஏற்றத்தோடும் பாதி வெறுமனேயும் நிற்கும் பி.எச்.சுக்கு பி.கே.ஏ. என்று பெயர்; புரொப்ரனலாலுக்கு அது 9.5 அளவில். எங்கள் காய்ச்சி வடித்த நீர், காற்றிலிருந்த கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு 5.5இல் நின்றது. அங்கே பத்தாயிரத்தில் ஒரு மூலக்கூறுதான் வெறுமனே இருக்கும். லாக் பி என்பது அந்த வெறும் மூலக்கூறுக்கு மட்டுமான எண். குடுவையில் நாங்கள் அளந்தது எல்லாம் சேர்ந்த கூட்டம். அதற்கு லாக் டி என்று பெயர், பி.எச். சொல்லாமல் அதைச் சொல்லவே கூடாது. மருந்துக் கடைகளுக்கு வரும் அச்சுத்தாள்களிலும் தேர்வுக் குறிப்புகளிலும் இந்த இரண்டையும் கலந்துகட்டி எழுதுவதைப் பார்த்து நான் பல வருடம் பல்லைக் கடித்திருக்கிறேன்.

ரத்தத்தின் பி.எச். 7.4. ஆகவே 7.4இல் நிற்கும் தாங்கல் கரைசலில் அளக்க வேண்டும்.

போட்டதைவிட அதிகம்

வாங்கிய நீர் தீர்ந்திருந்தது. ஆய்வகத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் அயனி நீக்கி ஒன்று உண்டு. அதில் பிடித்த நீரில் பாஸ்பேட் உப்புகளைக் கரைத்து, 7.4 என்று பார்த்து, ஆக்டனாலையும் தாங்கல் கரைசலையும் முதல் நாள் இரவே ஒன்றோடொன்று கலந்து ஊறவிட்டோம். இது முக்கியமான படி. ஆக்டனால் லிட்டருக்கு ஏறக்குறைய 40 கிராம் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். முன்கூட்டியே நிரப்பிவிடாவிட்டால் சோதனையின் நடுவில் இழுத்து, அடுக்குகளின் அளவையே மாற்றிவிடும்.

அறை வெப்பம் 34 பாகை. வழிகாட்டி கேட்பது 20இலிருந்து 25க்குள் ஓர் அளவு, அதிலிருந்து ஒரு பாகைக்கு மேல் நகரக் கூடாது. குளிர்சாதனம் மின்வெட்டோடு சேர்ந்து போய்விட்டது. ஒரு மாணவன் அவனுடைய வீட்டிலிருந்து தெர்மோகோல் மீன் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் தண்ணீர் நிரப்பி, ஐஸ் கம்பெனியிலிருந்து வாங்கிய உடைத்த ஐஸைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே 25இல் நிறுத்தினோம். குடுவைகள் அதற்குள் கிடந்தன. கழுவிக் கழுவியும் பெட்டியில் கணவாய் வாடை இருந்தது. ஆக்டனாலின் முன் அது எடுபடவில்லை. இந்த வெப்பக் கவனம் வீண் ஆசாரம் இல்லை: இந்த வகை அமீன்களின் பி.கே.ஏ. வெப்பம் ஏற ஏற இறங்கும், பத்து பாகைக்கே விடை நகர்ந்துவிடும்.

குலுக்கினோம், மையவிலக்கியில் சுழற்றினோம். தண்ணீர் அடுக்கு 0.45. கணக்குப் போட்டால் சரியாகப் பத்து. லாக் டி 1.00. மாணவர்கள் கைதட்டினார்கள். 7.4இல் 1.2, 1.3 என்று எதிர்பார்த்த இடத்துக்குப் பக்கத்தில்தானே வந்திருக்கிறது!

நான் ஆக்டனால் அடுக்கையும் அளக்கச் சொன்னேன். ஒரு பக்கத்தை அளந்து மறுபக்கத்தைக் கழித்துத் தெரிந்துகொள்வது பலருக்குப் பழக்கம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆக்டனாலை மெத்தனாலில் பத்து மடங்கு நீர்த்து, அதே மெத்தனாலில் வரைந்த அளவுகோலோடு ஒப்பிட்டதில் 6.0 என்று வந்தது. இப்போது கூட்டுவோம். தொடக்கத்தில் போட்டது: 50 மில்லிலிட்டர், 0.90, பெருக்கினால் 45. குலுக்கிய பின் தண்ணீரில் 50ஐ 0.45ஆல் பெருக்க 22.5. ஆக்டனாலில் 5ஐ 6ஆல் பெருக்க 30. மொத்தம் 52.5.

போட்டது 45, எடுத்தது 52.5. மருந்து குறையலாம், கண்ணாடியில் ஒட்டலாம், சிந்தலாம். கூட வழியில்லை. பாம்பன் ஏலக்கூடத்தில் இறால் பெட்டி எடை கூடி வந்தால் யாரும் இறால் குட்டி போட்டது என்று நினைக்க மாட்டார்கள். ஐஸ் தண்ணீர் வடியவில்லை என்று பெட்டியைச் சாய்ப்பார்கள். இங்கேயும் மருந்தோடு வேறு ஏதோ எடையில் ஏறியிருக்கிறது.

ஒளிமானியை 400 நானோமீட்டருக்குத் திருப்பினோம். அங்கே புரொப்ரனலால் எதையும் உறிஞ்சாது. சுழி காட்ட வேண்டும். காட்டவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, கரைசலை ஊற்றி அளக்கும் குவெட் என்ற சிறு குப்பியின் பக்கவாட்டில் கைபேசி வெளிச்சத்தைப் பாய்ச்சியபோது, தெளிவாகத் தெரிந்த தண்ணீருக்குள் ஒளி ஒரு வெள்ளைக் கோடாக நின்றது. நேராகப் பார்த்தால் தெரியாத மெல்லிய கலங்கல்.

அயனி நீக்கியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மின்கடத்துமானியை வைத்துப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது: உள்ளே இருந்த, உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் பிசின் எப்போதோ செத்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காது, கொதிகலத்தில் வெள்ளையாகப் படியும். அந்தக் கால்சியமும் மக்னீசியமும் அப்படியே உள்ளே வந்து, தாங்கல் கரைசலின் பாஸ்பேட்டோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாக மெல்ல மெல்லப் படிந்திருக்கிறது. முதலில் அளந்தபோது கலங்கல் இல்லை; குலுக்கி, சுழற்றி, அளக்கும் நேரத்துக்குள் வளர்ந்துவிட்டது. துகள் ஒளியைச் சிதறடிக்க, ஒளிமானி அதையும் மருந்து என்று எழுதிக்கொண்டது. நுண்ணிய துகள் என்பதால் மையவிலக்கியிலும் முழுக்க இறங்கவில்லை.

என்னை உறுத்தியது பிழை நடந்தது அல்ல. விடை நம்பும்படியாக இருந்தது. −0.23 வந்தபோது எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். 1.00 வந்தபோது கைதட்டினார்கள். ஆக்டனால் அடுக்கை அளக்காமல் விட்டிருந்தால் அது ஆய்வேட்டில் ஏறியிருக்கும்.

புதிதாகக் காய்ச்சி வடித்த நீர் வாங்கி, தாங்கல் கரைசலை ஓர் இரவு வைத்து, மறுநாள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்து, கோடு தெரியவில்லை என்ற பிறகு தொடங்கினோம். 0.90 இப்போது 0.30 ஆனது. மூன்று முறை செய்தோம், 0.29க்கும் 0.31க்கும் நடுவே. தண்ணீரில் 15, ஆக்டனாலில் 30, மொத்தம் 45. விகிதம் 20, லாக் டி 1.30. 7.4இல் ஏறக்குறைய 127 மூலக்கூறுக்கு ஒன்றுதான் வெறுமனே இருக்கும் என்பதால், 20ஐ 127ஆல் பெருக்கி மடக்கை எடுத்தால் லாக் பி 3.40. புத்தகத்தின் 3.48க்கு மீன் பெட்டி ஆய்வகத்திலிருந்து இது மோசமில்லை.

அடெனலாலுக்கு அடுக்குகளைத் தலைகீழாக்கினோம். அது ஆக்டனாலுக்கு ஏறவே தயங்கும் மருந்து. ஆக்டனாலைக் குறைவாக வைத்தால் ஏறியது தெரியவே தெரியாது. 30 மில்லிலிட்டர் ஆக்டனாலுக்கு 3 மில்லிலிட்டர் தாங்கல் கரைசல், 275 நானோமீட்டர் ஒளி. 0.90 என்பது 0.80 ஆனது. விகிதம் 0.0125, லாக் டி −1.9. இந்த எண்ணை நான் முதல் எண் அளவுக்கு நம்பவில்லை. வித்தியாசமே 0.10தான், அதில் 0.02 பிசகினால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். குலுக்கல் முறை −2க்கும் 4க்கும் இடையில்தான் ஒழுங்காக வேலை செய்யும். நாங்கள் அதன் வேலியோரம் நின்றிருந்தோம். 4க்கு மேலே போனால் வேறு தொல்லை: ஆக்டனாலின் நுண்துளி ஒன்று தண்ணீரில் மிதந்தாலே கணக்கு கெட்டுவிடும். அங்கே மெல்லச் சுழற்றும் முறையும், நிறப்பிரிகைக் குழாயில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை வைத்துக் கணிக்கும் முறையும் உண்டு. இப்போது பெரும்பாலோர் கணினியிலேயே கணித்துவிடுகிறார்கள். அந்த நிரல்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் இப்படிக் குலுக்கிய குடுவைகள்தான்.

புரொப்ரனலாலுக்கு இருபது, அடெனலாலுக்கு எண்பதில் ஒன்று. ஒரே பக்கச் சங்கிலி, ஒரே அளவு மின்னேற்றம், தலை மட்டும் வேறு. வித்தியாசம் 1600 மடங்கு.

எண்ணிலிருந்து இரவுக்கு

மூளையின் ரத்த நாளங்களில் செல்கள் இடைவெளியே இல்லாமல் தைத்தது போல இருக்கும். ரத்தத்திலிருந்து மூளைக்குப் போக வேண்டிய இதுபோன்ற மருந்து செல் சவ்வின் கொழுப்புக்குள் கரைந்து மறுபுறம் வெளிவர வேண்டும். மின்னேற்றத்தோடு அது முடியாது. அப்படியானால் 127இல் ஒன்றாக இருக்கும் வெறும் மூலக்கூறு போய் என்ன ஆகப்போகிறது என்று மாணவி கேட்டாள். படகுத் துறையில் டோக்கன் கொடுப்பதை நினைத்துக்கொள் என்றேன். ஒரு நேரத்தில் ஒரு படகுக்குத்தான் டோக்கன். அது கிளம்பியதும் அடுத்த படகு அந்த இடத்துக்கு வந்துவிடும். வெறும் மூலக்கூறு ஒன்று சவ்வுக்குள் நழுவிய கணமே, ரத்தத்தில் இன்னொன்று தன் புரோட்டானைக் கழற்றிவிட்டு அந்த விகிதத்தைச் சரிசெய்கிறது. வரிசை தீரும்வரை இது நடக்கும். அடெனலாலுக்கும் டோக்கன் கிடைக்கிறது. சவ்வின் கொழுப்பு என்ற அந்தக் கடலில் இறங்கத்தான் அதற்கு விருப்பமில்லை.

மனிதர்களிடமே இதை அளந்திருக்கிறார்கள். மூளை அறுவைக்குப் போகும் நோயாளிகளுக்கு இந்த வகை மருந்துகளைக் கொடுத்து, அகற்றிய திசுவில் அளந்த ஆய்வு ஒன்று 1981இல் வெளிவந்தது. புரொப்ரனலால் ரத்தத்தில் இருப்பதைப் போல மூளையில் இருபது மடங்குக்கு மேல். அடெனலால் ஐந்தில் ஒரு பங்கு அளவில். வரிசை எங்கள் குடுவை சொன்னதுதான். ஆனால் 1600 மடங்கு அங்கே நூற்றுச் சொச்ச மடங்காகிவிட்டது. மூளை ஆக்டனால் நிறைந்த குடுவை இல்லை.

கொழுப்பு நாட்டத்தின் விளைவு மூளையோடு நிற்பதில்லை. புரொப்ரனலால் குடலில் ஏறக்குறைய முழுதாக உறிஞ்சப்பட்டாலும் நேரே கல்லீரலுக்குப் போய் அங்கே பெரும்பகுதி உடைக்கப்படுகிறது. உடலுக்குக் கிடைப்பது கால்வாசி அளவு. ரத்த நாளத்தில் நேராக ஏற்றும்போது ஒரு மில்லிகிராம் கணக்கில் தருவதை வாய்வழி 40 மில்லிகிராம் என்று தருவதற்கு இதுவும் ஒரு காரணம். அடெனலால் குடலில் பாதிதான் ஏறும்; ஏறியதைக் கல்லீரல் பெரிதாகத் தொடாது, சிறுநீரகம் அப்படியே வெளியே அனுப்பும். கொழுப்பை விரும்புவது கல்லீரலின் கைக்கும், தண்ணீரை விரும்புவது சிறுநீரகத்தின் கைக்கும் போகும் என்பது ஓரளவு பொதுவான போக்கு.

மூளைக்குள் போவதைக் கெட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒற்றைத் தலைவலியைத் தடுக்கப் புரொப்ரனலால் இன்றும் முன்வரிசை மருந்து. வலிப்புக்கும் மனநோய்க்கும் தரும் மருந்துகள் மூளைக்குள் போகாவிட்டால் பயனே இல்லை. போக வேண்டியதைப் போகவைக்கவும், வேண்டாததைத் தடுக்கவும் மருந்து வடிவமைப்பவர்கள் இந்த எண்ணைத்தான் திருகுகிறார்கள். வாய்வழி மருந்தாக வேண்டிய மூலக்கூறுக்கு லாக் பி 5ஐத் தாண்டினால் உறிஞ்சுதல் சிக்கலாகலாம் என்று கிறிஸ்டஃபர் லிபின்ஸ்கி 1997இல் சொன்ன விதிகளில் ஒன்று இன்றும் எல்லா மருந்தகக் கல்லூரியிலும் மனப்பாடம். மனப்பாடம் செய்பவர்கள், அது விதியல்ல, எச்சரிக்கைப் பலகை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த எண்ணே எல்லாம் இல்லை என்பதற்கு வயிற்றுப்போக்குக்குத் தரும் லோபெரமைடு ஒன்றே போதும். அது அபின் வகை மருந்து. கொழுப்பு நாட்டமும் மிக அதிகம். எண்ணை மட்டும் பார்த்தால் மூளையை மயக்க வேண்டும். வழக்கமான அளவில் மயக்குவதில்லை. உள்ளே நுழைந்ததை நுழைந்த வேகத்திலேயே இறைத்து வெளியே தள்ளும் புரத இறைவை ஒன்று மூளை நாளச் சுவரில் இருக்கிறது, படகின் அடித்தளத்தில் ஓடும் பம்பைப் போல. குடுவையில் இறைவை இல்லை. அதே காரணத்தால், பெரியப்பாவின் கனவுக்குப் புரொப்ரனலாலின் கொழுப்பு நாட்டம்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அடெனலால் எடுப்பவர்களில் சிலருக்கும் தூக்கம் கெடுவதுண்டு. ஒரே ஒரு மனிதர், ஒரே ஒரு மாற்றம். மருந்து தொடங்கியதும் வந்தது, தடைக்காலத்திலும் தொடர்ந்தது, மாற்றியதும் நின்றது; அளந்த எண்களும் அதே திசையைக் காட்டுகின்றன. இதற்கு மேல் இந்த ஒரு நிகழ்விலிருந்து இழுக்க எனக்கு மனமில்லை.

ஆய்வேடு முடிந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா வாசலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். இப்போது கனவே வருவதில்லை என்றார். படியேறினால் கால் கனக்கிறது, விரல் சில்லிடுகிறது என்று புதிதாக இரண்டு குறை சொன்னார். அடெனலாலுக்கு அவை தெரிந்த பக்கவிளைவுகள்தான், அடுத்த முறை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லச் சொன்னேன். அவர் எழுதிக்கொடுத்திருந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு அலமாரியில் அப்படியே இருந்தது. கிரியாட்டினின்.

“நெஞ்சுக்கு மாத்திரை, சிறுநீரகத்துக்கு எதற்குப் பரிசோதனை?” என்றார்.

“பழைய மாத்திரையைக் கல்லீரல் பார்த்துக்கொண்டது, பெரியப்பா. இது தண்ணீரோடு போகிற மாத்திரை, சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அது மந்தமாக இருந்தால் உள்ளேயே சேர்ந்துவிடும்.”

“கடலில் நான் தண்ணீர் குடிப்பதே கம்மி” என்றார், ஊசியை நிறுத்தாமல். இரவு முழுக்க ஓட்டிவிட்டு ஒரு பாட்டிலைப் பாதி மிச்சத்தோடு கொண்டுவருகிறவர் அவர் என்பது எனக்கும் தெரியும். சீட்டை எடுத்து அவருடைய சட்டைப் பையில் வைத்தேன். மறுநாள் காலை வெறும் வயிற்றோடு தயாராக நின்றார். இந்தப் பரிசோதனைக்கு அது தேவையில்லை என்று சொல்லி, பெரியம்மாவிடம் இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ராமநாதபுரம் பஸ் ஏறினோம்.